வால்பக்கத்துப் பெடியனின் கல்

துன், சுவிஸ்
5.4.1987

அன்பு மகள் சிவகலாவுக்கு, நீயும் மருமகனும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்கு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிகிறது, பூசுகிறதுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். குளிர் இன்னும் விடவில்லை. தபாலில் போட்டால் கொழும்பில் உடைத்துப் பார்ப்பார்கள் என்று இதை ஊருக்குப் போகிற ஒரு ஆளிடம் கொடுத்து விடுகிறேன், அதனால் மனத்தில் உள்ளதை எழுதுகிறேன்.

உன் தம்பி தயாநிதிக்கு எட்டுச் செலவுக் கிரியை செய்யவா, படத்துக்கு மாலை போடவா என்று நீ கேட்டுக் கேட்டு எழுதினாய். நான்தான் வேண்டாம் என்று நின்றேன். உடம்பைக் காணாமல் பெற்ற பிள்ளையை எப்படிச் செத்தவன் என்று சொல்வது. குண்டு போட வந்த பிளேனை லொறியில் பூட்டின துவக்கால் சுட்டுக்கொண்டு நின்றவன், பிறகு போய்ப் பார்க்கக் குழிதான் கிடந்தது என்று நீதானே எழுதினாய். குழி என்றால் அவன் எங்கேயாவது ஓடித் தப்பியிருப்பான் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. அப்பா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கிறதையே விட்டிட்டார்.

நான் கிழமையில் ஒருநாள் வீடு துடைக்கப் போகிற ஹோபர் அம்மா, வயது போன சுவிஸ்காரி. போன ஞாயிறு என்னையும், அப்பாவோடு வேலை செய்கிற யோகராஜா தம்பியையும் தங்கள் ஊரில் செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே ஒரு கல், பெயர் றொபேட், அமெரிக்காக்காரன். அவ கல்லைத் தடவித் தடவி “புவேப்” என்று சொல்ல, யோகராஜா பெடியனாம் என்றார். எங்கள் ஊரில் பெடியன் என்றால் இப்போது இயக்கப் பெடியன்தானே, நான் எந்த இயக்கம் என்று கேட்டுவிட்டேன். யோகராஜா சிரித்துவிட்டு, “ஐயோ அம்மா, இது அந்தக் காலத்து யேர்மன் சண்டை. குண்டு போடுற பிளேனிலை வால்பக்கம் துவக்கோடை இருந்த ஆளாம்” என்றார். குண்டு போட்டவனுக்கோ பூ வைக்கிறீர்கள் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திரும்பி நடக்கப் பார்த்தேன், ஹோபர் அம்மா என் கையை விடவில்லை.

அவ சொல்லச் சொல்ல யோகராஜா தமிழில் சொன்னார். அவன் ஊரில் பால்வண்டி ஓட்டின பிள்ளையாம். ஆள் சின்ன உருவம் என்றபடியால் அந்த ஒடுங்கின வாலுக்குள் இருத்தினார்களாம். முழங்காலில் குந்தியபடி, மற்றவர்களின் முகம் தெரியாமல், வந்த வழியையே பார்த்துக்கொண்டு போக வேண்டுமாம். யேர்மனியில் அடிபட்ட பிளேன் புகைத்துக்கொண்டு வந்து இவர்களுடைய புல்வெளியில் விழுந்தது. மற்றவர்கள் முதலே குடை கட்டிக் குதித்துவிட்டார்கள், இவனுக்குக் கதவு திறபடவில்லை. ஹோபர் அம்மா அப்போது குமர்ப்பிள்ளை. இழுத்தெடுத்துக் குசினி மேசையில் கிடத்த, உயிர் இருந்ததாம். காலில் தாய் பின்னின காலுறை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மேலே அவ்வளவு குளிராம். டொக்டர் வர முதல் போய்விட்டான். சண்டை முடிய அமெரிக்காக்காரர் எலும்பைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், கல்லை இந்த ஊரார் விடவில்லை. தாய் எழுதிக் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், என்ரை பிள்ளைக்குக் குளிர்ந்ததோ என்று. எங்கள் கட்டில் போர்வையால் மூடித்தான் வைத்திருந்தோம் என்று இவ பாதிரியாரைக் கொண்டு எழுதுவித்தாவாம்.

பிள்ளை, அதைக் கேட்டதும் நான் அந்தக் கல்லடியில் இருந்து குழறி அழுதுவிட்டேன். அவன் மேலே, எங்கள் பிள்ளை கீழே, இரண்டு பேரின் கையிலும் துவக்கு. எங்கள் பிள்ளைக்குப் போர்வை போட ஒரு குமர்ப்பிள்ளையும் நிற்கவில்லையே. வழியில் சாப்பிடக் கொண்டுபோன ரொட்டியைப் பிய்த்துக் கல்லின்மேல் வைத்தேன், யாருக்கென்று வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஹோபர் அம்மா பறவைக்கோ என்று கேட்டா. ஓம் என்றேன். இங்கத்தைக் காகம் கழுத்தும் கறுப்பு. கூப்பிடாமலே வந்து கவ்விக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து, தம்பி போயிட்டான் என்று முதன்முதலாக என் வாயால் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கோட்டைக் கூடக் கழற்றாமல் இருந்து அழுதார்.

அதனால் மகள், ஐயரைக் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய். படத்துக்கு மாலை போடு. பள்ளிக்கூடத்துப் படம் வேண்டாம், காது பெரிதாகத் தெரியுது என்று அவனுக்குப் பிடிக்காது. புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் படை, தேங்காய்ப்பூ கூடப் போடு. பிளேன் சத்தம் கேட்டால் உடனே பங்கருக்குள் இறங்குங்கள், சின்னவளைச் செருப்போடு இறக்கு, பூச்சி புழு இருக்கும். முருகன் உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். மறந்துவிடாதே, அவனோடு நின்ற பெடியளைக் கண்டால் ஒன்று மட்டும் கேட்டு எழுது, அன்றைக்கு அவன் சாப்பிட்டவனோ என்று. இல்லை என்று சொன்னாலும் எனக்கு ஓம் என்று எழுது.

உன் அம்மா
தில்லைநாயகி