குளிரில் காத்திருந்த குடுவைகள்

நோர்பரியில் பேருந்துக்காக நின்றேன். எதிரே இருந்த கராஜில் யாரோ டீசலைச் சிந்திவிட்டார்கள். மழை ஈரத்தோடு அந்த மணம் எழுந்ததும் நீ வந்துவிட்டாய். நீ போய் இத்தனை வருடமாகியும் உன்னை என்னிடம் கூட்டிவருவது எண்ணெய் மணம்தான்.

அந்த ஆய்வுகூடத்தில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். வடகடல் தண்ணீரைக் குடுவைகளில் நிரப்பி, மேலே கச்சா எண்ணெய் விட்டு, குளிர் அறையில் வைத்தோம். அந்தக் குளிரிலும் கடல் பாக்டீரியாக்கள் எண்ணெயைச் சிதைக்குமா என்பதே நம் கேள்வி. வாரங்கள் போயின. எண்ணெய் தடித்துத் தோல்போல மிதந்தது. அறையைச் சற்றுச் சூடாக்கினால் முடிவு விரைவில் வரும் என்றார் பேராசிரியர்; ஆய்வு நிதி முடியப்போகிறதே என்ற கவலை அவருக்கு. எனக்கும் அது சரியென்றே பட்டது. உனக்குப் படவில்லை.

"எடி, கப்பல் உடைஞ்சா கடலைச் சூடாக்க ஏலுமோ? குளிரில என்ன நடக்குதெண்டுதானே பாக்கிறம்."

"ஒண்டும் நடக்கேல்லையே."

"அப்ப அதைத்தான் எழுதவேணும். ஆனா முதல் அதுகளுக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுப்பம். வெறும் எண்ணெயைத் திண்டு வளர ஏலாது."

பாதிக் குடுவைகளில் நைட்ரஜனும் பொஸ்பரசும் சேர்த்தோம். வெப்பநிலையைத் தொடவே இல்லை. நீயே பேராசிரியரிடம் போய், வாதாடி, இன்னொரு தவணை வாங்கிவந்தாய்.

அந்தத் தவணைக்குள்தான் உனக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்தால் உன் முதல் கேள்வி, "தண்ணி கலங்கிட்டுதோ?" பல தடவை இல்லை என்றேன். ஒரு மத்தியானம் ஓடிவந்து "ஓம்" என்றேன். சத்துச் சேர்த்த குடுவைகளில் பாக்டீரியாக்கள் பெருகித் தண்ணீர் மங்கிக் கலங்கியிருந்தது. எண்ணெய்ப் படலம் துகள் துகளாக உடைந்திருந்தது. நீ கண்களை மூடிச் சிரித்தாய்.

"மற்றதுகள்?"

"அப்பிடியே கிடக்கு."

"அதையும் எழுது. கடைசியில அதுகளால தின்ன ஏலாத தார் மிஞ்சும், அதை மறைச்சுப்போடாத."

எழுதினேன். அதை வாசிக்க நீ இருக்கவில்லை.

நாளை ஓர் எண்ணெய்க் கம்பனியோடு கூட்டம். குளிர்கடலில் எண்ணெய் கொட்டினாலும் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்வேனென எதிர்பார்க்கிறார்கள். அவை தின்னும், ஆனால் மெதுவாக, சத்துக் கிடைத்தால் மட்டும், அதுவும் எல்லாவற்றையும் அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் முகங்கள் சுருங்கும். யாராவது இடைமறிப்பார்கள். நீ இருந்திருந்தால் குரலை உயர்த்தாமலே தொடர்ந்திருப்பாய். என் குரல் நடுங்கும். நடுங்கினாலும் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.