தள்ளிவிட்டான் பாறை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

இந்த மலைப் பங்கின் இடப்பெயர்கள் எப்படி வந்தன என்று எங்கள் மாதா கோயில் விழா மலருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே ‘தள்ளிவிட்டான் பாறை’ என்று ஓர் இடம் இருக்கிறது. தன் வீட்டில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்ணைப் பண்ணையார் தள்ளிவிட்ட இடமாம். செத்தவள் எனக்குப் பால் ஊற்றும் பால்காரம்மாவின் பெரிய அத்தை. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

பங்குச் செயலர் அந்தப் பண்ணையாரின் பேரன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"காதலர் பாறைன்னு மாத்திடுங்கம்மா. ரெண்டு பேரும் கைகோத்துக் குதிச்சாங்கன்னு போட்டா அழகா இருக்கும்ல?"

அவர் மென்றுகொண்டிருந்த பிஸ்கட்டின் தூள் என் தாள்மேல் தெறித்தது. அதைத் தட்டிவிட்டேன்.

"உங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் இருந்தாரே சார், எப்பக் குதிச்சாரு?" என்றேன்.

முகம் சுண்டிவிட்டது அவருக்கு. இந்த மாதத்தோடு பங்குப் பள்ளியில் எனக்கு வேலை இல்லையாம். கவலைப்படாதீர்கள், அடிவாரப் பள்ளியில் கேட்டிருக்கிறேன். வேலை போனதைப் பால்காரம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

குளிர் அதிகம். உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்