அப்பாவின் ஒரு மில்லிமீட்டர்

சொக்சோ
ஞாயிறு காலை

அன்பு மகன் கீபோமுக்கு,

ராணுவ முகாமில் குளிர் எப்படி? நான் அனுப்பிய கம்பளி உள்ளாடையை நீயே போட்டுக்கொள், பக்கத்துப் படுக்கைக்காரனுக்குத் தானம் செய்துவிடாதே. அக்காவுக்குத் தாடை அறுவை செய்த டாக்டரின் முகவரியைக் கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இங்கே நான் பட்ட பாட்டைக் கேள்.

உன் அக்கா நாரே சியோலிலிருந்து புது முகத்தோடு வந்து இறங்கிய நாளிலிருந்து உன் அப்பா அவளோடு பேசவில்லை. முன்னால் நீண்ட தாடையைப் பார்த்துப் பள்ளியில் அவளை 'அகப்பை' என்று கூப்பிட்டு அழவைத்தது அவருக்குத் தெரியாதா? அவரையும் அப்படித்தானே கூப்பிட்டார்கள்! ஆனாலும், "நான் குடுத்த மூஞ்சிய எவன்கிட்டயோ திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கா" என்று நம் கணவாய் மீன் கடை வாசலில் நின்று சொன்னார். அவளுக்கோ மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. ஒருவர் பேச மாட்டார், ஒருத்தியால் பேச முடியாது. நடுவில் என் வாய்தான் வலித்தது.

வழக்கமாகப் பல்லுக்குக் கம்பி போட்டு வரிசையாக்கிய பிறகுதான் தாடையை வெட்டுவார்களாம். இவளுக்கு முதலில் தாடை, பிறகு கம்பி. முகம் உடனே மாறிவிட்டது. ஆனால் பற்கள் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தாததால் தாடைக்குப் பிடிமானம் குறைவு, கொஞ்சம் பழையபடி முன்னால் நகரலாம், கடினமானதை மெல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் உன் அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். "காயுறதுக்கு முன்னாடி தட்டி அடுக்குன கணவா பழையபடி சுருண்டுக்கும். பாத்துட்டே இரு" என்றார். கணவாய்க் கடைக்காரருக்கு உலகமே கணவாய்தான்.

அன்றிலிருந்து, கஞ்சி குடிக்கிற பெண்ணைத் தினமும் பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கண்ணால் அளப்பது. அது போதாதென்று உலர்ந்த கணவாயைச் சுட்டு அவள் அறை வாசலில் வைப்பது. அந்த வாசனைக்கு அவள் அழுதேவிட்டாள். "பெத்த பொண்ணோட தாடைக்குப் பொறி வைக்கிற மனுஷன நான் எங்கயும் பாத்ததில்ல!" என்று கத்தினேன். அவர் கணவாயை எடுத்துத் தானே மென்றுகொண்டு போனார்.

வியாழக்கிழமை பரிசோதனை. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவரே துணைக்குப் போக வேண்டியதாயிற்று. டாக்டர் பழைய எக்ஸ்ரே படத்தின் மேல் புதிய படத்தை வைத்துக் காட்டினாராம். தாடை ஒரு மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது, எதிர்பார்த்ததுதான், அங்கேயே நின்றும்விட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். நாரே கண்கலங்கிவிட்டாள். உன் அப்பா எழுந்து நின்று, "தானாவா வந்துச்சு டாக்டர்?" என்று மறுபடி மறுபடி கேட்டாராம்.

திரும்பும் வழியில் பேருந்து நின்ற இடத்தில் வால்நட் பணியாரம் வாங்கி, உள்ளிருந்த கொட்டைகளைத் தோண்டித் தான் தின்றுவிட்டு, மெத்தென்ற பாகத்தை மட்டும் அவளிடம் நீட்டியிருக்கிறார். "அந்த ஒரு மில்லிமீட்டர் என்னுது. அத மட்டும் யாருகிட்டயும் குடுத்துடாத" என்றாராம். தின்று முடித்து அவள் மாட்டிய ரப்பர் வளையம், சிரித்த சிரிப்பில் தெறித்து முன் இருக்கைக்காரர் தொப்பியில் போய் விழுந்ததாம். வீட்டுக்கு வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் இதை என்னிடம் சொன்னார்கள். பாதி புரியவில்லை. ஆனாலும் அழுதேன்.

முகவரி அக்காவிடம் இருக்கிறது, கட்டாயம் தருகிறேன். உன் முகம், உன் இஷ்டம். நேற்று உன் சீருடைப் படத்தை அப்பா கடையில் மாட்டினார். பக்கவாட்டில் எடுத்த படமாகத் தேடி மாட்டியிருக்கிறார். முதல் விடுப்புக்கு மட்டும் அப்பா கொடுத்த அந்தத் தாடையோடு வா. அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை கணவாய் மென்றுவிட்டுப் போ, ராசா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா