பூட்டுத் திரையில் இருந்த எண்

அக்டோபர் 4, வெள்ளி

எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய பழைய லேப்டாப்பில் இன்று 190ஆம் பக்கம் அடித்து முடித்தேன். ஏதோ கம்பெனி ஏலத்தில் விட்டது. கடைக்காரர் இம்தியாஸ் அன்றே சொன்னார்: "இதுல நெட் மட்டும் போடாதீங்க மேடம். மத்தபடி சிங்கம்." எனக்கெதற்கு நெட்? பேராசிரியர் ஒருவர் கையால் எழுதிய கன்னடப் புத்தகத்தைப் பார்த்து அடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

ஸ்கூட்டர், மிக்ஸி, கத்தரிக்கோல், லேப்டாப் — எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தாயிற்று. அக்கா விடவில்லை. "என்னடி, திரை கறுப்பா கெடக்கு? சாமுண்டி தாய் படம் ஒண்ணு போடு." படத்துக்காக ஐந்து நிமிடம் நெட் போட்டேன். தாய் வந்தாள். பின்னாலேயே ஒரு வெள்ளைத் திரை: 'இது நிறுவனத்தின் சொத்து. பூட்டப்பட்டுள்ளது.' கீழே ஒரு போன் நம்பர்.

212 பக்கம் உள்ளே. பிரதி இல்லை. இருபத்தைந்தாம் தேதி கொடுக்க வேண்டும். புத்தி எங்க போச்சு எனக்கு?

அக்டோபர் 12, சனி

"தாய் பாத்துப்பா" என்கிறாள் அக்கா.

அக்டோபர் 14, திங்கள்

இம்தியாஸ் கையை விரித்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்தால்தான் திறக்குமாம்.

அந்த நம்பருக்குப் போட்டேன். யோகானந்த் என்று ஒருவர். "அந்தக் கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பி ரெண்டு வருஷமாச்சு மேடம். என் நம்பரை அனுப்ப மறந்துட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு பேராவது கூப்பிடறாங்க."

ஏலத்துக்கு அனுப்பியதே அவர்தானாம். "நெட் போட்டா பூட்டிக்கற பட்டியல்லேருந்து இதையெல்லாம் எடுக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள என்னை எடுத்துட்டாங்க."

இப்போது என்ன வழி என்றேன்.

"நேர்ல போய்க் கேக்கணும். அந்த வாசலை மிதிக்கறதில்லைன்னு இருக்கேன், மன்னிச்சுக்குங்க."

212 பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத ஆளிடம். வெட்கக்கேடு.

அக்டோபர் 16, புதன்

முதலிலிருந்து அடித்தால்? ஒன்பது நாளில் ஆகாது.

அக்டோபர் 18, வெள்ளி

பதினொரு மணிக்கு யோகானந்த் போன். "நெட்டைப் போட்டுப் பாருங்க மேடம்."

திறந்துகொண்டது! எல்லாப் பக்கமும் இருக்கிறது. முதல் வேலையாகப் பென் டிரைவில் ஏற்றினேன்.

கம்பெனிக்கே நேரில் போயிருக்கிறார். வாசலில் செக்யூரிட்டி பெயர், ஊர், யாரைப் பார்க்க என்றெல்லாம் எழுத வைத்தானாம். பதினொரு வருஷம் வேலை பார்த்த இடம். "போனதுக்கு நாப்பத்தோரு லேப்டாப்பையும் விடுவிக்க வெச்சுட்டேன். என் நம்பரையும் எடுத்துட்டாங்க. இனிமே தொல்லை இல்ல" என்றார்.

அக்டோபர் 25, வெள்ளி

பேராசிரியரிடம் கொடுத்தாயிற்று. அடுத்த புத்தகமும் எனக்குத்தானாம்.

நவம்பர் 3, ஞாயிறு

யோகானந்த் போன் செய்தார். "சும்மாத்தான் மேடம். மிஷின் ஓடுதான்னு..." இரண்டு வாரமாக யாருமே கூப்பிடவில்லையாம். போன்தான் கெட்டுப்போச்சோ என்று கடையில் காட்டினாராம்.

நன்றாகத்தான் ஓடுகிறது. "ஒரு பொத்தான் ஒட்டிக்குதுங்க" என்று சொல்லிவைத்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். எந்தப் பொத்தான் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.