அப்பாவின் குவளையில் சீனி

அன்பு மகள் திலகாவுக்கு அம்மா எழுதுவது. நம் ஊர் கோலா சாவா மாரியம்மன் தயவில் நானும் வீட்டுப் பூனையும் நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் முகத்தைக் காட்டிப் பேசுகிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

போன தடவை என்னைத் திட்டினாய். கோப்பி அளவோடு குடித்தால் ஈரலுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள், ஆனால் சீனியும் டின்பாலும் போட்டால் எல்லாம் பாழ் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, பிறகு ஏன் சர்க்கரை இறங்கவில்லை, கால்விரல் புண் ஏன் ஆறவில்லை, ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறீர்களா என்று கேட்டாய். ஆத்தா மேல் ஆணையாக நான் குடிப்பது கோப்பி கோசோங்தான், வெறும் கறுப்புக் கோப்பி, ஒரு பொட்டுச் சீனியோ பாலோ கிடையாது. முதலில் வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்த மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது.

ஆனால் அப்பாவின் குவளை ஒன்று இருக்கிறது. அவர் தவறிப்போனதிலிருந்து, தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்ற லாரி எடுத்துக்கொண்டு கிளம்புவாரே அதே விடியற்காலையில், அவர் படத்துக்கு முன்னால் ஒரு குவளை வைத்துவிடுவேன். டின்பால் தாராளமாக, அதற்கு மேல் சீனி. அவர் குடிக்கிற மாதிரிதானே வைக்க வேண்டும். படைத்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் இருப்பது யார், நான்தானே. அதை அவர் குடித்ததாகவே நினைத்துக் குடித்தேன். என் உடம்புக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

கிளினிக்கில் டாக்டர் பெண், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா படத்தின் முன் நின்று, நாளையிலிருந்து உங்களுக்கும் கோசோங்தான், ஈரலுக்கு நல்லதாம், உங்கள் மகள் சொல்கிறாள் என்றேன். செத்தவருக்கு ஈரல் எதற்கு என்று நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீனி குறைந்தாலே இது என்ன பேதி மருந்தா என்று குவளையைத் தள்ளிவிடுகிற மனிதர் அவர்.

மறுநாள் கறுப்புக் கோப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். முன்னறையில் கரண்டியால் குவளையைக் கலக்குகிற சத்தம் கேட்டது. அடியில் சீனி தங்கியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி, மெதுவாக. அடுப்பை அணைத்தேன். போய்ப் பார்த்தால் குவளை வைத்த இடத்திலேயே இருக்கிறது, கரண்டி கிடையாது, பூனை மட்டும் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் கேட்கிறது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. "அண்ணன் உன்னையக் கூப்பிடுது லா. இத்தன நாளா அந்த இனிப்பக் குடுத்துத்தான் உன்னைய இழுத்துக்கிட்டு இருந்துச்சு. பூசாரிய வச்சு அனுப்பிருவோம்" என்றாள். தெமியாங்கில் இருக்கிற உன் அண்ணன் தர்மேந்திரன் காதிலும் போட்டுவிட்டாள். ஆடி அமாவாசைக்குப் பூசாரியோடு வருகிறேன் என்கிறான். என் பேச்சு எடுபடாது, நீதான் அவனைத் தடுக்க வேண்டும்.

புண் ஆறி வருகிறது தாயே, விரலுக்கு இனிப் பயமில்லையாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. இனிப்பு வைத்த காலமெல்லாம் உன் அப்பா ஒரு சத்தமும் காட்டியதில்லை. கோசோங் வைத்த பிறகுதான் வருகிறார். கோபத்தில் வந்தாலும் வருகிறாரே. கேட்கும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அதைக் கேட்கத்தான் விடியலில் எழுந்திருக்கிறேன். அவரை யாரும் அனுப்பிவிட வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரப்பிள்ளைக்கு முத்தம். நீ மஞ்சள் குங்குமத்தோடும், எல்லாரும் நிறைந்த ஆயுளோடும் இருக்க ஆத்தா துணை. காலுறை போடாமல் தரையில் நடக்காதே. தீபாவளிக்கு வரும்போது ஒருநாள் விடியலில் என்னோடு அடுப்படியில் வந்து உட்கார். உனக்கும் கேட்டால் சொல். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்லாதே அம்மா, கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடு.

உன் அம்மா,
வள்ளியம்மா