சரோஜாவின் வலது தோள்

செலண்டார், மலாயா, 1952

மார்ச் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடை வாசல் நடைபாதையில், அஞ்சடியில், தொங்கிய கைலிகளை உள்ளே எடுத்தாயிற்று. வியாபாரம் மந்தம்.

மகள் சரோஜாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அலமாரியின் மேலிருந்த தட்டை எடுக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். மலாக்கா மிஷன் பள்ளி சாப்ட்பால் குழுவில் பந்து வீசுவது இவள்தான். கையை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்போரம் வரும்போது விடவேண்டும். வேகம் போதாது என்றாராம் மிஸ். இவள் இன்னும் பலமாகச் சுற்றியிருக்கிறாள். சனிக்கிழமை போட்டி.

"கை வெளங்காத பொண்ண எவன் கட்டுவான்?" என் மனைவி பாக்கியம் என்னைக் கேட்கிறாள், நான் கல்யாணத் தரகன் மாதிரி. பயம் எனக்கும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். சீன வைத்தியர். எலும்பு விலகவில்லை, நரம்புப் பிடிப்புதான். அப்பாடா. எண்ணெய் கொடுத்தார். இரண்டு நாள் வீசக்கூடாது. இதே மாதிரி வீசினால் தோள் நிரந்தரமாகக் கெடும் என்றும் சொன்னார்.

முடிவு: நாளை பள்ளிக்கூடம் போய் இவள் பெயரை எடுக்கச் சொல்வது.

வாங்க: மல் துணி 2 கட்டு, வெள்ளை நூல், அந்துருண்டை.

மார்ச் 12, புதன்

கடை பாக்கியத்திடம். நான் பஸ்ஸில் மலாக்கா.

திடலில் ஒரு சீனப் பெண் வீசினாள். என் தோள் உயரம்கூட இல்லை. பந்து எதிரே கையுறையில் விழுந்த சத்தம் சாலைவரை. மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையானவர். "வேகம் கையில இல்லை ஐயா, காலில. வலது கால் நிலத்தை உதைக்கோணும், இடது கால் தூரம் போகோணும், இடுப்பு திரும்பினால் கை தானா வரும்" என்றார். இவளுக்கும் பல தடவை சொன்னாராம்.

சரோஜாவைக் கையை இடுப்பில் வைத்து, அடி மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னார். இடது கால் ஒரு முழம் போய் நின்றது. மறுபடி. அதே முழம். பாவாடை விளிம்பு கெண்டைக்காலில் இறுகியது.

அந்தப் பாவாடை என் கடை மீதித் துண்டில் தைத்தது. முட்டி தெரியக்கூடாது என்று நீளம் கேட்டது நான். அகலம் பற்றாது என்றார் தையல்காரர். பரவாயில்லை, தை என்றதும் நான். கால் போகாததால் மொத்த வேகத்தையும் தோளிடம் பிடுங்கியிருக்கிறாள். நான் மேசையில் துணியை உதறி விரிப்பதும் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கடைசியில் மணிக்கட்டைச் சுண்டித்தான். தினமும் செய்கிறேன். புத்தியில் ஏறவில்லை.

பெயரை எடுக்கச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சரோஜாவிடம், பாவாடை காலைப் பிடிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா விளையாட்டையே நிறுத்திடுவீங்கப்பா."

நிறுத்தியிருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

புதுப் பாவாடை. நீலத் துணி, முழுக் கட்டிலிருந்து வெட்டியது, சுற்றிலும் மடிப்பு. நீளம் முட்டிக்கு நாலு விரல் கீழே. அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் நல்ல துணி, பெற்ற பெண்ணுக்கு மீதித் துண்டா என்று பாக்கியம் சோறு போடும்போது ஒரு தரம், பாத்திரம் கழுவும்போது ஒரு தரம்.

மார்ச் 14, வெள்ளி

தூறல். பின்பக்கச் சுவரில் சரோஜா மெதுவாக வீசிப் பார்த்தாள். கால் நன்றாகப் போகிறது. வலியில்லை என்கிறாள். நம்ப முடியாது. வலியை மறைத்தே பழகியவள்.

மார்ச் 15, சனி

நல்ல வெயில். தோற்றுவிட்டார்கள், ஒரு ஓட்டத்தில். ஆனால் இவள் பந்து! அடிக்க வந்த பெண்கள் மட்டையை ஓங்குவதற்குள் போய்விட்டது. கடைசிவரை இவளே வீசினாள். வலிக்கிறதா என்றால், இல்லை. முகம் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

ஊரடங்குக்கு முன் வீடு சேர அவசரம். செலண்டாருக்கு முன்னால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஏதும் போகிறதா என்று பஸ்ஸை நிறுத்திச் சோதனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சோதிக்கிற பெண் கையைத் தூக்கச் சொன்னாள். என் இரண்டு கையும் மேலே. கண் அந்தப் பக்கம். சரோஜாவின் வலது கை நேரே போய்க் காதோடு ஒட்டி நின்றது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பேச்சுகூட, பக்கத்துப் பெண்ணிடம்.

சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று மலாயில் அதட்டினார் போலீஸ்காரர். மகளுக்குக் கை சரியாகிவிட்டது துவான் என்றேன். என் சட்டைப் பையை இரண்டாம் தரம் சோதித்தார்.