அம்மா எறிந்த வெள்ளைத் தலைத்துணி

அன்பு மகள் ஷிலானுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கானிஸ்பீயில் நானும் உன் அம்மாவும் உயிரோடும் கைகால் குறையில்லாமலும் இருக்கிறோம், ஹானோவரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அப்படியே இருக்க ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறோம். அக்ரூட் ஏற்ற வந்த லாரிக்காரர் கீழே தேநீர் குடிக்கிறார், அவர் கிளம்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், கையெழுத்தைப் பழிக்காதே. இந்த வருஷம் காய்ப்பு அமோகம், பறித்ததோ பாதி. அக்கரைச் சரிவில், ராணுவத்தோடு சண்டை போடும் அந்த மலைக்காரர்கள் கண்ணிவெடி புதைத்துவிட்டார்கள், உன் தோழி ஹேவியின் தம்பி மாட்டைத் தேடிப் போய் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். பட்டணம் போன வாத்தியார் திரும்பவேயில்லை, பள்ளிக்கூடத்தில் ஆடு படுக்கிறது. பகலில் ராணுவம் வந்து மலைக்காரர்களுக்கு ஏன் ரொட்டி கொடுத்தீர்கள் என்கிறது, இருட்டினால் அவர்கள் வந்து ராணுவத்திடம் என்ன சொன்னீர்கள் என்கிறார்கள், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உடனே இங்கே வந்துவிடுங்கள் என்று அழுது எழுதாதே. நான் உட்கார்ந்தது புலம்புவதற்கு இல்லை, உன் அம்மாவைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ள.

பக்கத்து வீட்டு ரமோவை மறந்திருக்க மாட்டாய். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் நீ கல்யாணமாகிப் போன வருஷத்திலிருந்து உன் அம்மா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் மனைவி ஃபஹீமாவுக்குச் சர்க்கரை வியாதி, ஊசி மருந்து வாங்க அடிக்கடி பட்டணம் போவான். மருந்துக் கடை ராணுவ முகாமுக்கு எதிரே இருந்தால் அதற்கு அவனா பொறுப்பு? யாரோ புண்ணியவான், இவன் ராணுவத்துக்கு உளவு சொல்கிறான் என்று மலையில் போட்டுக்கொடுத்துவிட்டான். போன வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து வெளியே வருகிறோம், பள்ளிவாசல் முற்றத்தில் மலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். தலைவனுக்கு உன் வயதுதான் இருக்கும். ரமோவைச் சுவரோரம் இழுத்து நிறுத்தி, "காட்டிக்கொடுக்கிறவனுக்கு என்ன கூலின்னு எல்லாரும் நல்லா பாத்துக்குங்க" என்றான். ரமோ அன்று காலை வாங்கி வந்திருந்த மருந்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "இது என் பொஞ்சாதிக்கு ஊசிய்யா, பிரிச்சுப் பாருங்கய்யா" என்று கெஞ்சினான், யார் காதில் விழுந்தது? ஆம்பளைகள் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் முன்னே போகவில்லை. நானும்தான் போகவில்லை, உன்னிடம் மறைப்பானேன். அப்போதுதான் ஊற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த உன் அம்மா ஈரக்கையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். போன பெருநாளுக்கு நீ அனுப்பிய வெள்ளைத் தலைத்துணியை அவிழ்த்துத் துப்பாக்கிக்கும் ரமோவுக்கும் நடுவில் எறிந்தாள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு எடுத்துச் சொல்: நம் பக்கத்தில் ஒரு தாய் அப்படிப் போட்டுவிட்டால் சண்டை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், தாண்டுகிறவன் பெற்றவள் தலையை மிதித்தவன். தலைவன் சிரித்தான். "எடு கிழவி, அதெல்லாம் அந்தக் காலம்" என்றான். இவள் விட்டாளா? "அந்தக் காலமா? அப்ப தாண்டுடா. தாண்டிட்டு உங்கம்மா மூஞ்சியில போய் முழி" என்றாள். அவன் காலை எடுத்து வைத்தே விட்டான், பூட்ஸ் நுனி துணியின் ஓரத்தில் பட்டது. கூட வந்த பெரியவர் ஒருவர் துப்பாக்கியைத் தாழ்த்தி, "நான் இத தாண்ட மாட்டேம்பா, நீயும் தாண்டாத" என்றார். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். போகும்போது ரமோவின் கழுதையையும் என் மாவு மூட்டையையும் கொண்டுபோனார்கள், போகட்டும், மூட்டை இன்னொன்று வரும். அவள் வெறுந்தலையைப் பார்க்கக் கூடாதென்று ஊர் ஆண்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். புருஷன் ஆயிற்றே, நான் மட்டும் பார்த்தேன். முழுக்க நரைத்துவிட்டது மகளே. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது, இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று.

மறுநாள் ஃபஹீமா தயிர்க்குடத்தோடு வந்து உன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவளும் அழுதாள். அழுது முடித்ததும் ஃபஹீமா மெதுவாக வாய்க்கால் பேச்சை எடுத்தாளே பார்க்கலாம், "உன் புருஷன் உசுரத்தான் கேட்டு வாங்கினேன், என் முறைத் தண்ணிய விட்டுக்குடுக்கல" என்று உன் அம்மா வெட்டிவிட்டாள். தயிரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சின்னவளுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், வெந்நீரில் தேன் கலந்து கொடு, பனியில் கூட்டிப்போகாதே. லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாகக் கீழ்ச்சாலையில் ராணுவ வண்டிகள் நிற்கின்றன. மலைக்காரர்கள் ரமோவைச் சும்மா விட்டார்கள் என்றால் அவன் அவர்கள் ஆள்தானே என்று ராணுவத்தார் விசாரிக்கிறார்களாம். உன் அம்மா அந்தத் தலைத்துணியைத் துவைத்து, பூட்ஸ் கறை போகாமலே, வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறாள். எதற்கு என்றால், "கைக்கு எட்டுற எடத்துல இருக்கட்டும்" என்கிறாள். அடுத்த பொட்டலத்தில் எங்களுக்கு மாத்திரை, ஸ்வெட்டர் எதுவும் வேண்டாம் மகளே, தலைத்துணி அனுப்பு. நிறைய அனுப்பு, ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கேட்கிறார்கள், ஃபஹீமா உட்பட. பூப் போட்டது வேண்டாம், வெள்ளையாக இருக்கட்டும், ராணுவமோ மலைக்காரர்களோ, தூரத்தில் வரும்போதே கண்ணில் பட வேண்டும்.

நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும், உங்கள் வாசலில் எப்போதும் விருந்தாளியின் செருப்பு மட்டுமே கிடக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெஸ்னாவின் கணவன், உன் அப்பா
ஸுபைர்